பாரம்பரியம் என்ன விலை?

தோழர்களே!

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலையில், தியாகராய நகர் உஸ்மான் சாலையில் நின்று அண்ணாந்து பாருங்கள். விண்மீன் தெரியாது, விளக்கு வரிசை தெரியும். வானம் தெரியாது, விளம்பரம் தெரியும். அந்த விளம்பரங்களிலே மீண்டும் மீண்டும் கண்ணிற்படும் சொல் எது? பட்டு அன்று, தங்கம் அன்று, தள்ளுபடிகூட அன்று. 'பாரம்பரியம்' என்பதே அச்சொல்!

மரபு, மங்கலம், தலைமுறை, நம் மண், நம் பண்பாடு ஆகியவை அச்சொல்லின் உற்றார் உறவினர். நாம் மேடையேறித் தொண்டை வறள முழங்கிய தமிழ்ப் பண்பாடு என்னும் சொல்லை, நம் குரலினும் உரத்த குரலில், நம் எழுத்தினும் பெரிய எழுத்தில் வணிகர் எழுதி மாட்டியிருக்கிறார். மகிழ வேண்டியதுதானே என்பீர்கள். பொறுங்கள்! சொல்லை மட்டுமா மாட்டியிருக்கிறார்? அதன் ஓரத்திலே ஒரு சீட்டையும் தொங்கவிட்டிருக்கிறார். அது விலைச்சீட்டு!

ஆம், தோழர்களே! பண்பாட்டுக்கு விலைச்சீட்டு கட்டப்பட்ட காலத்திலே வாழ்கிறோம். தமிழராக வாழ்வது என்பது பேச்சிலும் பழக்கத்திலும் உறவிலும் உழைப்பிலும் இருந்தது. இன்று அது பைக்குள் அடங்கும் பொருளாக, தவணையில் கிடைக்கும் சரக்காக மாற்றப்படுகிறது. பணம் உள்ளவர் பாரம்பரியம் மிக்கவர். பணம் அற்றவர் பாரம்பரியமும் அற்றவர் என்று கடைவீதி தீர்ப்பெழுதுகிறது. இத்தீர்ப்பால் ஆதாயம் யாருக்கு? நட்டம் யாருக்கு? இதில் செங்கொடி ஏந்தியவர் கடமை யாது? இவ்வாரம் எண்ணிப் பார்ப்போம்.

நெய்தவன் எங்கே?

இன்று மக்கள் வெள்ளம் புரளும் அதே இடத்தில் நூறாண்டுக்கு முன் தண்ணீர் நின்றது. பரந்து கிடந்த ஏரியைத் தூர்த்து, 1920களில், நீதிக்கட்சி ஆட்சியின்போது உருவாக்கப்பட்ட குடியிருப்புத்தான் தியாகராய நகர். அக்கட்சியின் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயர் ஊருக்கு. பனகல் அரசர் பெயர் பூங்காவுக்கு. சுயமரியாதை இயக்கத்தின் தூணாக நின்ற சௌந்தரபாண்டியனார் பெயர் அங்காடிக்கு. அந்த அங்காடியைத்தான் மக்கள் பாண்டி பஜார் என்கிறார்கள். ஓர் அரசியலின் வரலாறே அங்கு தெருத்தெருவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இன்று அங்கு வருவோர் கண்ணில் படுவது தலைவர் பெயரா, கடைப் பெயரா?

தியாகராயர் யார்? நெசவைத் தொழிலாகக் கொண்ட சமூகத்தில் பிறந்தவர்; வடசென்னையில் தாமே தறிக்கூடம் நடத்தியவர். நெசவோடு பிணைந்த ஒருவர் பெயரால் அமைந்த ஊர் அது. சற்றுக் கிழக்கே நடந்து மயிலாப்பூருக்குச் செல்லுங்கள். வள்ளுவர் அவ்வூரில் பிறந்தார், தறி நெய்து பிழைத்தார் என்பது செவிவழிக் கதை. ஆராய்ச்சியாளர் அதனை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் தன் தலைசிறந்த அறிஞனை மன்னனாகவோ மடாதிபதியாகவோ எண்ணாமல், நெசவாளியாக எண்ணிப் பார்த்ததே இந்த மக்களின் மனம்! அதுவன்றோ பாரம்பரியம்? மயிலையில் வள்ளுவருக்குக் கோயிலும் இருக்கிறது.

கீழடிக்குச் செல்லுங்கள். 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, அப்பண்பாட்டின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டு சென்றது. மண்ணுக்குள்ளிருந்து வந்தவை யாவை? மணிமுடியா, அரியணையா? நூல் நூற்கும் தக்களி. துணியில் வேலைப்பாடு செய்யப் பயன்பட்ட எலும்புக் கருவி. பானை ஓட்டிலே கீறிய பெயர்கள். உழைத்தவரின் கருவியும் எழுத்துமே தமிழரின் பழமைக்குச் சான்று கூற முன்வந்தன.

நெசவாளர் குலத்தவர் பெயரால் ஒரு நகர்; நெசவாளி எனக் கதை கூறும் புலவன் பெயரால் பெருமை கொள்ளும் இன்னொரு நகர்; தக்களியைத் தன் பழமைக்குச் சான்றாக வைத்த ஓர் இனம். இத்தனையும் இருக்க, இன்று கடைவீதியில் சேலை இருக்கிறது, சரிகை இருக்கிறது, சலுகை இருக்கிறது. நெய்தவன் எங்கே?

நாட்காட்டியைக் கைப்பற்றியவர்கள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்றனர் முன்னோர். ஆடி உழவனின் மாதம். விதைப்புக்குக் கையும் காசும் வேண்டிய காலம். ஆதலால் திருமணம் கிடையாது, பெருஞ்செலவு கிடையாது. கடைகளில் ஈ ஓட்டும் மாதமாக அது இருந்தது. வணிகர் பார்த்தார். செலவு செய்யலாகாது என்பதற்காக ஏற்பட்ட மாதத்தையே செலவு செய்தாக வேண்டிய மாதமாக்கினார். ஆடித் தள்ளுபடி பிறந்தது. இன்று நகரத்துப் பிள்ளையிடம் ஆடி என்றால் என்ன என்று கேளுங்கள். விதைப்பு என்னும் விடை வராது, தள்ளுபடி என்னும் விடை வரும்.

அட்சய திருதியையைப் பாருங்கள். முன்னர் அது தானம் கொடுக்கும் நாள் என்று சிலர் வீடுகளில் அறியப்பட்டிருந்தது. பெரும்பாலான உழைப்பாளர் வீடுகளில் அதன் பெயரே தெரியாது. கடந்த சில பத்தாண்டுகளில் அது தங்கம் வாங்கும் நாளாக உருமாறியது. விடியற்காலையிலேயே நகைக்கடை திறக்கும் நாளாயிற்று. கொடுக்கும் நாள் வாங்கும் நாளாயிற்று! சித்திரையில் வாங்கிய அந்தக் குன்றிமணித் தங்கம் எங்கே போகிறது? ஆனி பிறந்து பள்ளிக்கூடம் திறந்ததும், பிள்ளையின் கட்டணத்துக்காக அடகுக்கடைக்குப் போகிறது. நகைக்கடையும் அடகுக்கடையும் ஒரே தெருவில் எதிரெதிரே இருப்பது தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்?

முதலாளித்துவம் பழமையை அழிக்கும் என்று மட்டுமே நம்மில் சிலர் எண்ணியிருந்தனர். அழிப்பது உண்மை. ஆனால் ஆதாயம் தரும் பழமையை அது அழிப்பதில்லை. துடைத்து மினுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறது. இல்லாத பழமையைப் புதிதாக உண்டாக்கவும் தயங்குவதில்லை. பஞ்சாங்கத்தைக் கணக்கேடாக்கும் வித்தை அதற்கு நன்கு தெரியும்.

சேலைக்கு வாய் இருந்தால்

1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதல் அத்தியாயத்தில் மார்க்ஸ் எடுத்துக்கொண்ட உதாரணம் எது? பீரங்கி அன்று, நீராவி எந்திரம் அன்று. துணி! இருபது கெஜம் லினன் துணி, ஒரு மேற்சட்டை. இவை இரண்டும் சந்தையிலே ஒன்றுக்கொன்று ஈடாவது எவ்வாறு என்று கேட்டு, அந்த இழையைப் பிடித்துக்கொண்டே முதலாளித்துவத்தின் மர்மம் முழுவதையும் அவிழ்த்தார். எழுதியவருக்கோ சட்டையின் அருமை தெரியும். 1852இல், இலண்டனில் வறுமையில் வாடிய நாளில், மேற்சட்டை அடகுக்கடையில் இருந்தமையால் வீட்டைவிட்டு வெளியே வர இயலாமல் இருந்தவர் அவர்.

அவர் கண்டு கூறிய உண்மை இதுதான். பண்டம் சந்தைக்கு வந்ததும் ஒரு மாயை அதனைச் சூழ்கிறது. மனிதருக்கும் மனிதருக்கும் இடையே உள்ள உறவு, பொருளுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள உறவாகத் தோற்றம் அளிக்கிறது. மதிப்பு உழைத்த கையிலிருந்து வந்தது என்பது மறைகிறது. பொருளுக்குள்ளேயே இயல்பாக ஊறிக் கிடப்பதாகத் தோன்றுகிறது. கல்லைத் தெய்வமென்று வணங்குவோரை ஏளனம் செய்யும் பகுத்தறிவாளரும் பண்டத்தின் முன்னே கைகட்டி நிற்கிறார்!

பண்டத்துக்கு வாய் இருந்தால் என்ன பேசும் என்று மார்க்ஸ் கேட்டுப் பார்த்தார். நாமும் கேட்போம். நாடகம் எழுதும் கை அல்லவா, சும்மா இருக்க மறுக்கிறது! கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு காஞ்சிப் பட்டுச்சேலையை எடுத்து மேடையில் நிறுத்துவோம்.

"உன் ஊர் எது?"

"காஞ்சிபுரம் என்று என் மேல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் என் பட்டிழையில் பெரும்பகுதி கன்னட நாட்டுப் புழு கொடுத்தது. என் சரிகையின் சொந்த ஊர் சூரத்து. என்னை நெய்யும் வீடுகளில் தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும், கன்னடமும் கேட்கும்."

"அப்படியானால் நீ தூய தமிழ்ச் சேலை இல்லையா?"

"தூய உழைப்புச் சேலை! உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோர்வையாகப் பிணைக்க மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் இருப்பவருக்குத் துணையாக இன்னொரு கை வேண்டும். அந்தத் துணைக் கை பல காலம் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையின் கையாக இருந்தது."

"உன் விலை?"

"விலை என் மேல் இருக்கிறது. கூலி என் மேல் இல்லை."

அவ்வளவுதான் நாடகம். திரையை இறக்கிவிடலாம். கூலியை மறைத்து விலையை மட்டும் காட்டுவதே கடைவீதி அறிந்த கலை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; வேறு ஊர்ச் சரக்கு அப்பெயரில் நுழையலாகாது. நல்லது. பெயருக்குக் காவல் வந்தது. நெய்தவன் கூலிக்குக் காவல் வந்ததா?

2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு என்ன கூறுகிறது? நாட்டில் கைத்தறித் தொழிலில் உள்ளோர் ஏறத்தாழ 35 லட்சம்; அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. அம்மாத வருமானத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உஸ்மான் சாலைக்கு வந்தால், ஒரு நல்ல பட்டுச்சேலையின் முந்தியைத் தொட்டுப் பார்க்கலாம், வாங்க இயலாது. மகளுக்கு ஒரு பட்டுச்சேலை கொடுக்க ஏங்கிய நெசவாளியைப் பற்றிய 'காஞ்சிவரம்' திரைப்படத்துக்குத் தேசிய விருது அளித்தோம். கலைக்கு விருது, கலைஞனுக்குக் கைதட்டல், நெசவாளிக்கு?

விழா ஒரு கையில், விடை மறு கையில்

2015 ஆகஸ்ட் 7ஆம் நாள், முதலாவது தேசியக் கைத்தறி நாள் நம் சென்னையில், பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில் பிரதமர் தலைமையில் கொண்டாடப்பட்டது. 1905ஆம் ஆண்டு அதே நாளில் சுதேசி இயக்கம் தொடங்கியதை நினைவுகூர்ந்து அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. பாரதப் பண்பாடு பற்றிப் பேச்சு இருந்தது, பூமாலை இருந்தது. ஐந்து ஆண்டு சென்றது. 2020 ஜூலை மாத இறுதியில், அடுத்த கைத்தறி நாளுக்குச் சில நாளே இருக்கும்போது, 1992 முதல் இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது! கொள்ளை நோயால் தறிகள் ஓய்ந்து, கூலி நின்று போயிருந்த காலத்தில், நெசவாளர் குரல் ஓரளவேனும் ஒலிக்கக் கூடிய ஓர் அவையின் கதவும் அடைபட்டது.

கைத்தறிக்கென்று சில வகைத் துணிகளை ஒதுக்கிய சட்டம் 1985இல் வந்தது. தொடக்கத்தில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன; பின்னர் அது 11 ஆகச் சுருங்கிற்று. பண்பாட்டைப் பற்றி உரக்கப் பேசும் ஆட்சி, பண்பாட்டைப் படைக்கும் கையைப் பற்றி மெல்லக்கூடப் பேச மறுக்கிறது. மேடையில் கைத்தறி ஆடை. கோப்பிலே கைத்தறிக்கு விடை!

நிற்க வைக்கப்பட்டவர்கள்

சேலைக்குள் மறைந்தவர் நெசவாளி மட்டுமா? அதனை விரித்துக் காட்டுகிறாளே ஒரு பெண், அவளைப் பாருங்கள்.

நெல்லையிலிருந்து, தூத்துக்குடியிலிருந்து, இராமநாதபுரத்திலிருந்து, மழை பொய்த்த சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். காலையில் கடை திறக்கும்போது நின்றவர்கள் இரவு கடை மூடும்போதும் நிற்கிறார்கள். வாடிக்கையாளர் அமர மெத்தை உண்டு. சேலை படுக்க விரிப்பு உண்டு. பொம்மை நிற்க மேடை உண்டு. உயிருள்ள அப்பெண் உட்கார மட்டும் இடம் கிடையாது. வசந்தபாலன் 2010இல் 'அங்காடித் தெரு' என்னும் படத்தில் ரங்கநாதன் தெருவின் இந்த மறுபக்கத்தைக் காட்டியபோது நகரம் அதிர்ந்தது, அழுதது, பிறகு அடுத்த பண்டிகைக்குத் துணி எடுக்கப் போயிற்று. அதற்கு முன்பே, 2008 செப்டம்பரில், அத்தெருவின் பெருங்கடை ஒன்றில் பற்றிய தீயில் ஊழியர் இருவர் மாண்டிருந்தனர். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று பற்றி எரிந்து, பின்னர் இடித்துத் தள்ளப்பட்டது. மாடிமேல் மாடி கட்டும் ஆசைக்குக் காற்றும் வழியும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கேரளத்துப் பெண்கள் வாய் திறந்தனர். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள், கழிப்பறை வேண்டும் என்பதில் தொடங்கி, உட்கார உரிமை வேண்டும் என்பது வரை வந்தனர். பி. விஜியின் தலைமையில் 'பெண்கூட்டு' அவர்களைத் திரட்டிற்று. 2014இன் இறுதியில் திருச்சூரில் துணிக்கடை ஒன்றின் பெண்கள் தொடங்கிய போராட்டம் நூறு நாளைத் தாண்டி நின்றது. உட்காருவதற்காக வீதியில் நின்றார்கள், தோழர்களே! 2018இல் கேரள இடதுசாரி ஆட்சி சட்டத்தைத் திருத்தி அவ்வுரிமையை வழங்கிற்று. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை, 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை அமைக்க வேண்டும். வேலைக்கு இடையே வாய்ப்பு வரும்போதெல்லாம் அவர்கள் அமர வேண்டும். நாள் முழுதும் நிற்க வைக்கலாகாது என்பது அதன் கருத்து.

வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் சட்டம் நாற்காலியைக் கொண்டுவரும். நாற்காலியில் அமரும் துணிவைக் கொண்டுவருமா? வாய்ப்பு வரும்போது அமரலாம் என்கிறது சட்டம். வாய்ப்பு வந்தது என்று தீர்மானிப்பவர் யார்? மேற்பார்வையாளர்! அவர் புருவம் நெரித்தால் இருக்கை இருந்தும் இல்லாததாகும். சங்கம் இல்லாத இடத்தில் சட்டம், திரி இல்லாத விளக்கு.

அதே 1947ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. 2019 ஜூனில், பத்தும் அதற்கு மேலும் ஊழியரைக் கொண்ட கடைகள் ஆண்டு முழுதும் இரவும் பகலும் திறந்திருக்கலாம் என்று அரசாணை வந்தது, பின்னரும் நீட்டிக்கப்பட்டது. எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்னும் நிபந்தனை அதில் உண்டு. கடை விழித்திருக்கும் இருபத்து நான்கு மணியில், அந்த எட்டு மணியை எண்ணிப் பார்ப்பவர் யார்?

இரண்டு தவறான விடைகள்

இந்நிலைக்கு இரு விடைகள் கூறப்படுகின்றன. இரண்டும் நம் விடையல்ல.

முதல் விடை துறவியின் விடை. "ஆசைதான் கேடு, ஏழைக்கு எதற்குப் பட்டு, எதற்குப் புதுத்துணி?" என்பது அவர் கேள்வி. தோழர்களே, இப்பேச்சை நம் மேடையில் அனுமதிக்காதீர்கள்! உடுத்தும் உரிமை நம் மக்களுக்கு யாரும் அன்பளிப்பாகத் தந்ததன்று. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகளாய்ப் போராடி 1859இல் அரசாணை பெற்றார்கள். கீழத்தஞ்சையில் சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்ட பி. சீனிவாசராவ் தலைமையில் செங்கொடி எழுந்தது. தோளில் துண்டு போட்டதற்காக அடிபட்டவர்களின் பேரன் இன்று பாண்டி பஜாரில் புதுச்சட்டை வாங்குகிறான் என்றால், அதில் ஒரு வெற்றியும் இருக்கிறது. கண்ணகி நகரிலிருந்து பேருந்து ஏறி வந்து, ஆண்டு முழுதும் பாத்திரம் துலக்கிச் சேர்த்த பணத்தில் மகளுக்குப் பாவாடை எடுக்கும் தாய் நுகர்வு வெறியின் அடிமை அல்லள். அவளைக் கண்டிக்க எவருக்கும் உரிமை இல்லை. புதிய தேவைகள் பிறப்பதை மார்க்ஸ் வெறுக்கவில்லை. தேவையைத் தூண்டிவிட்டு, அதனை நிறைவேற்றும் வழியைப் பறிக்கும் அமைப்பையே வெறுத்தார்.

இரண்டாவது விடை மரபுக் காவலரின் விடை. "அயல்நாட்டுப் பேரங்காடிதான் பகை, நம்மூர்ப் பட்டு மாளிகை நம் பண்பாட்டின் கோட்டை" என்பது அவர் வாதம். 2012இல் பலசரக்குச் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய மூலதனத்துக்குக் கதவு திறந்தபோது, சிறு வணிகரோடு தோளொட்டி நின்று எதிர்த்தவர்கள் நாம், இனியும் நிற்போம். மயிலை மாடவீதியில் கூடை வைத்திருக்கும் பூக்காரியும், நவராத்திரிக்கு மண் பொம்மை பரப்பும் கைவினைஞரும் நம்மவர். ஆனால் பெருமுதலுக்கு வேட்டி கட்டிவிட்டால் அது உழைப்பாளியாகிவிடாது! சுரண்டல் தமிழ் பேசினால் இனிக்குமா? பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலுக்கு, முதலாளியின் தாய்மொழி எதுவாயினும் வலி ஒன்றுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஏழை வாங்கும் விசைத்தறிச் சேலையைப் போலி என்றும், தாம் வாங்கும் கைத்தறியே மெய்ப்பண்பாடு என்றும் பேசும் ஒரு வழக்கம் அடையாற்றின் குளிரூட்டப்பட்ட கூடங்களில் வளர்ந்து வருகிறது. கைத்தறி வாங்குவது நன்று. ஆனால் விசைத்தறியின் முன் நிற்பவனும் தொழிலாளி; அவன் நெய்ததை உடுத்துபவளும் தமிழச்சி. ரசனையின் பெயரால் வர்க்கம் பிரிப்பது பண்பாட்டுக் காவல் அன்று. புதுச் சாதி கட்டும் வேலை.

"எங்களால்தானே ஆயிரக்கணக்கானோர் பிழைக்கிறார்கள்?" என்று கடை முதலாளி கேட்பார். கேள்வியில் ஓர் உண்மை உண்டு. மறுக்க வேண்டா. ஊரிலே சாதிக்கு அடங்கிக் கிடந்த பெண், நகரத்தில் தன் கையால் சம்பளம் வாங்குகிறாள். அவளைத் திரும்பிப் போ என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அவளால்தானே உங்கள் மாடி உயர்ந்தது என்று திருப்பிக் கேட்போம். பிழைப்புக் கொடுத்தேன் என்பவர், பிழைக்க வந்தவருக்கு ஓர் இருக்கை கொடுக்கக் கணக்குப் பார்க்கலாமா?

கடை வாசலில் முளைத்த சங்கம்

நம் விடை எது? அதற்கு இந்நகரின் மெய்யான பாரம்பரியத்தைப் பார்க்க வேண்டும்.

பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் பெரம்பூரில் ஓங்கி நின்ற காலம். ஆலைக்கு அருகே கடை வைத்திருந்த சிறு வணிகர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும். சரக்கு வாங்க வந்த நெசவாலைத் தொழிலாளர் தம் துயரைச் சொன்னார்கள். கடைக்காரர்கள் காது கொடுத்தார்கள். இருவரும் அடையாற்றுக்குச் சென்றார்கள். அங்கே பிரம்மஞான சபையில் பணியாற்றிய பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இந்திய வரலாறு அதனைக் குறிக்கிறது. தமிழ்நடைக்குப் புதுப்பொலிவு தந்த திரு.வி.க. அதன் தூண்களில் ஒருவர். உண்ணும் இடைவேளைக்கு இன்னும் சில நிமிடம் வேண்டும் என்பது அன்று எழுந்த கோரிக்கைகளில் ஒன்று. எவ்வளவு சிறிய கோரிக்கை! எவ்வளவு பெரிய தொடக்கம்!

ஐந்தே ஆண்டில், 1923 மே முதல் நாள், சிங்காரவேலர் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். இதுவன்றோ சென்னையின் பாரம்பரியம்? இதனை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பார்கள்?

அந்தப் பாரம்பரியம் செத்துவிடவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. இடதுசாரிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே நாளன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். சிந்தாதிரிப்பேட்டை எது தெரியுமா? 1730களில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் துணி வணிகத்துக்காக நெசவாளர்களைக் குடியமர்த்திய சின்னத் தறிப் பேட்டை! தறிப்பேட்டையிலே எட்டு மணி நேரம் காக்கப்பட்டது. வரலாறு சில வேளைகளில் தன் இழையைத் தானே கோத்துக்கொள்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே! பண்டிகை வரும், நீங்களும் கடைக்குச் செல்வீர்கள். செல்லுங்கள். மனைவி மக்களுக்குப் புத்தாடை எடுங்கள். குற்ற உணர்வு வேண்டா. ஆனால் மூன்று வேலைகளை மறவாதீர்கள்.

ஒன்று: சேலையைப் பார்ப்பதற்கு முன் நாற்காலியைத் தேடுங்கள். விரித்துக் காட்டும் பெண்ணின் பின்னே இருக்கை உண்டா என்று பாருங்கள். இல்லையெனில் மேலாளரிடம் கேளுங்கள். 22-அ பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். அப்பெண்ணைக் கேட்டு அவளுக்குத் தொல்லை தேடாதீர்கள். வாங்குவோர் நூறு பேர் ஒரே நாளில் ஒரே கேள்வியைக் கேட்டால், நூற்று ஒன்றாம் நாற்காலி தானே வரும். கிளைகள் பார்த்ததை எழுதித் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் அளியுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

இரண்டு: கைத்தறி வாங்கும் வசதி உள்ளோர் கோ-ஆப்டெக்சிலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் வாங்குங்கள். வாங்குவதோடு நில்லாமல், நெய்தவர் கூலி என்ன என்று கேளுங்கள். கேள்வியே மாயையைக் கிழிக்கும் கத்தி.

மூன்று: இதுவே தலையாயது. வாங்குவோர் கேள்வியால் மட்டும் விடியாது. விற்போர் சங்கமாக வேண்டும். அவர்கள் தங்கும் விடுதி உங்கள் வட்டத்தில் இருக்கிறது. வார விடுமுறையில் அவர்கள் வரும் கடற்கரை உங்களுக்குத் தெரியும். ஊர்ப்பெயர் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். துண்டறிக்கைக்கு முன் தோழமை செல்லட்டும். 1918இல் கடை வாசலில் ஒருவர் காது கொடுத்ததால் சங்கம் முளைத்தது. இன்று கடைக்குள்ளேயே ஆயிரம் வாய்கள் காத்திருக்கின்றன. காது கொடுக்க நாம் இருக்கிறோமா?

பண்பாடு பட்டில் இல்லை. பட்டை நெய்த கையில் இருக்கிறது. அடையாளம் கரையில் இல்லை. அந்தக் கரையை விரித்துக் காட்டி வீங்கிய காலில் இருக்கிறது. பாரம்பரியம் என்ன விலை என்று எவரேனும் கேட்டால், அது விற்பனைக்கு அன்று என்று கூறுங்கள். அதனைப் படைத்தவர் வயிறார உண்டு, கால்மடக்கி அமர்ந்து, தாம் நெய்ததைத் தாமே உடுத்தும் நாள் வரும். அன்று அதற்கு விலைச்சீட்டே தேவைப்படாது.

அந்த நாளுக்கு வழி நீண்டது. முதல் அடி மிகச் சிறியது. ஒரு நாற்காலி! கேளுங்கள், தோழர்களே!